உயிர்ப்பைத் தேடிய இரு நாவல்கள்

பாஸ்கா திருவிழிப்பு இரவில், ஆலய விளக்குகள் அணைந்திருக்க, புது நெருப்பிலிருந்து ஏற்றிய ஒற்றைத் திரியின் ஒளி கைக்குக் கை மாறிப் பரவும் காட்சியை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். உடலின் உயிர்ப்பை நம்புவதாக உரத்த குரலில் அறிக்கையிடுகிறோம். பின்னர் மெழுகுதிரியை அணைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். நேற்றுவரை யாரோடு பேசாமல் இருந்தோமோ, மறுநாள் காலையிலும் அவரோடு பேசாமலே இருக்கிறோம். இது நம்மில் பலருடைய அனுபவம்; இதை எழுதுகின்ற என்னுடைய அனுபவமும்கூட.

அப்படியானால் உயிர்ப்பில் நாம் கொள்ளும் நம்பிக்கை நம்மை உண்மையிலேயே மாற்றுகிறதா? அல்லது மனிதன் திருந்தி வாழ்வதற்கே ‘உயிர்ப்பு’ என்னும் பெயரைச் சூட்டி நிறைவு கொள்கிறோமா? இரண்டும் ஒன்றுதானே என்று கேட்போர் உண்டு. ஒன்றல்ல என்பதை எனக்கு உணர்த்தியவை இரண்டு உருசிய நாவல்கள். ஒன்று, லேவ் டால்ஸ்டாய் 1899-இல் வெளியிட்ட ‘புத்துயிர்ப்பு’. மற்றொன்று, தாஸ்தாயெவ்ஸ்கி 1866-இல் வெளியிட்ட ‘குற்றமும் தண்டனையும்’. இரண்டிலும் பாவம் செய்த ஓர் ஆண்மகன் இருக்கிறான். சமுதாயம் ஒதுக்கிவைத்த ஒரு பெண் இருக்கிறாள். இரண்டு கதைகளும் சைபீரியாவில் முடிகின்றன. இரண்டின் இறுதிப் பக்கங்களிலும் புதிய ஏற்பாடு வருகிறது. ஆயினும் இவை காட்டும் உயிர்ப்பு ஒன்றல்ல.

உயிர்ப்பு விழா இரவில் நிகழ்ந்தது

‘புத்துயிர்ப்பு’ நாவலின் கரு டால்ஸ்டாயின் சொந்தக் கற்பனை அன்று. வழக்கறிஞரான கோனி என்னும் நண்பர் 1887-இல் அவருக்குச் சொன்ன உண்மை நிகழ்ச்சியிலிருந்து அது பிறந்தது. அதை நாவலாக்கி முடிக்க அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. சோவியத் காலத்தில் மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்த தமிழ்ப் பதிப்பின் வாயிலாக நம்மில் பலர் இந்நூலை அறிந்திருக்கிறோம்.

இளம் பிரபுவான நெஹ்லூதவ், படைப்பிரிவில் சேரச் செல்லும் வழியில் தன் அத்தைமாரின் பண்ணை வீட்டில் தங்குகிறான். அங்கே வளர்ப்புப் பெண்ணாகவும் பணிப்பெண்ணாகவும் வாழ்பவள் காத்யூஷா. உயிர்ப்பு விழா இரவு வருகிறது. சிற்றூர்க் கோவிலில் மெழுகுதிரிகள் ஒளிர்கின்றன. வெள்ளுடை உடுத்தி, கருங்கூந்தலில் சிவப்பு நாடா முடித்து நிற்கிறாள் காத்யூஷா. கோவில் வாயிலில் முகம் சிதைந்த ஒரு பிச்சைக்காரனுக்குக் காசு கொடுத்து, அருவருப்பின் சாயலே இன்றி, உயிர்ப்பின் வாழ்த்தைக் கூறி மும்முறை முத்தமிடுகிறாள். உலக இலக்கியத்தில் உயிர்ப்பு விழாவை இத்துணை அழகாகத் தீட்டிய பக்கங்கள் மிகச் சிலவே.

அந்த விழா நாளின் இரவிலேயே நெஹ்லூதவ் அவளைக் கெடுக்கிறான். வெளியே மூடுபனி, ஆற்றிலே பனிக்கட்டிகள் உடைந்து நொறுங்கும் ஓசை. புறப்படும்போது நூறு ரூபிளை அவள் கையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறான். கருவுற்ற அவள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். படிப்படியாகச் சரிந்து இறுதியில் விலைமகளிர் இல்லத்தை அடைகிறாள்.

டால்ஸ்டாய் இங்கே நம்மை முதலில் சுடுகிறார். வழிபாட்டில் நெஹ்லூதவ் போலியாக நிற்கவில்லை. அவன் உள்ளம் உண்மையாகவே உருகிற்று; எல்லாம் தூயதாக, எல்லாம் ஒளியாக அவனுக்குத் தோன்றிற்று. அந்த உருக்கம் ஒரு பகற்பொழுதைக்கூடத் தாண்டவில்லை. வழிபாட்டில் கண்கள் பனிப்பதையே மனமாற்றம் என்று எண்ணிக்கொள்ளும் நமக்கு இது எச்சரிக்கை.

“என் வழியாக நீ மீளப் பார்க்கிறாய்”

ஆண்டுகள் கழிகின்றன. ஒரு கொலை வழக்கில் நெஹ்லூதவ் நடுவர்களுள் ஒருவனாக அமர்ந்திருக்கிறான். குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் காத்யூஷா. அவள் கொல்லும் எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை நடுவர்கள் ஏற்கின்றனர். ஆனால் தீர்ப்பில் அச்சொற்களைச் சேர்க்க மறந்துவிடுகின்றனர். அந்த மறதியின் விலை நான்கு ஆண்டுக் கடுங்காவல். நெஹ்லூதவின் மனச்சான்று விழித்துக்கொள்கிறது. அவளை மணந்து பாவத்துக்குப் பரிகாரம் தேடுவேன் என்று சிறைக்கு ஓடுகிறான்.

அவள் நன்றியோடு கண்ணீர் வடிப்பாள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவளோ சினந்தெழுகிறாள். இம்மையில் என்னை வைத்து இன்பம் தேடினாய், இப்போது என்னை வைத்தே மறுமையில் மீட்புத் தேடப் பார்க்கிறாய் என்னும் பொருள்பட அவள் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். நாவலின் உச்சம் இதுவே என்பேன். கல்லூரி நாள்களில் முதன்முறை படித்தபோது இந்த இடத்தை நான் விரைவாகக் கடந்துவிட்டேன். அவனுடைய பெருந்தன்மையே அன்று என் கண்ணை நிறைத்திருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் படித்தபோதுதான் அவளுடைய சினத்தின் நியாயம் விளங்கிற்று. பாவம் செய்தவனின் மனமாற்றத்திலும் தன்னலம் புகுந்துகொள்ளும். தீங்குக்கு ஆளானவரை நம் ஆன்ம முன்னேற்றத்துக்கு ஏணியாகப் பயன்படுத்திவிடக்கூடும்.

இதை டால்ஸ்டாய் மறைக்காமல் எழுதியதுதான் அவர் பெருமை. நெஹ்லூதவின் மாற்றத்தை அவர் ஒரே நாளில் முடித்துவிடவில்லை. அவன் தன் நிலங்களை உழவர்க்கு விட்டுக்கொடுக்கிறான். அலுவலகப் படிகள் ஏறி இறங்குகிறான். சிறைவாசிகளின் குறைகளைக் கேட்கிறான். கைதிகளின் அணிவகுப்பைப் பின்தொடர்ந்து சைபீரியாவுக்குப் பயணமாகிறான். காத்யூஷாவும் மெல்ல மாறுகிறாள். குடியை விடுகிறாள், அரசியல் கைதிகளின் நட்பில் தன் மதிப்பை மீண்டும் கண்டடைகிறாள். இறுதியில் தன்னை உள்ளபடியே நேசிக்கும் சீமன்சன் என்னும் கைதியைத் தேர்ந்துகொண்டு, நெஹ்லூதவை விடுவிக்கிறாள். உண்மையில் இக்கதையில் பெரிய மனம் கொண்டு விடுதலை அளிப்பவள் அவளே.

ஆயினும் ஒரு வெற்றிடம்

நாவலின் இறுதியில் நெஹ்லூதவ் தனியறையில் அமர்ந்து மத்தேயு நற்செய்தியைப் படிக்கிறான். மன்னிப்பைப் பற்றிய 18-ஆம் அதிகாரமும் மலைப்பொழிவும் அவனுக்குப் புது வழியைக் காட்டுகின்றன. அந்த நிறைவோடு நூல் முடிகிறது. ‘புத்துயிர்ப்பு’ என்று பெயர் தாங்கிய நூலின் கடைசிப் பக்கத்தில் உயிர்த்த கிறிஸ்துவைக் காணோம்.

இது தற்செயலன்று. டால்ஸ்டாய் தாமே தொகுத்த சுருக்க நற்செய்தியில் புதுமைகளை நீக்கினார். இயேசுவின் இறப்போடு அதை முடித்துக்கொண்டார். அவருக்கு உயிர்ப்பு என்பது மனிதனின் ஒழுக்க விழிப்பு மட்டுமே. இந்த நாவலில் சிறைக்கோவில் வழிபாட்டை அவர் எள்ளி நகையாடும் அதிகாரங்கள் நம்மைப் புண்படுத்துகின்றன. 1901-இல் உருசியத் திருச்சபையின் ஆட்சிக்குழு அவரைத் திருச்சபைக்குப் புறம்பானவர் என்று அறிவித்ததற்கு இத்தகைய பக்கங்களும் காரணமாயின.

புண்பட்ட நாமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வழிபாடு நடக்கும்போது கைதிகளின் கால் விலங்குகள் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. நற்கருணையின் மறைபொருளை டால்ஸ்டாய் உணரவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த விலங்கொலி காதில் விழாமலே வழிபாடு நடத்துவோர் அதை உணர்ந்துவிட்டார்களா என்ற அவருடைய கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு. மேலும், இந்நூலை அவர் முடித்ததே ஓர் அறச்செயலுக்காகத்தான். படைக்கலம் ஏந்த மறுத்துத் துன்புறுத்தப்பட்ட தூகோபார் என்னும் சமயக் குழுவினர் கனடாவில் குடியேறுவதற்கு இதன் வருவாயை அவர் வழங்கினார். 1899-இல் 7,000-க்கும் மேற்பட்டோர் அவ்வாறு கடல் கடந்தனர். நம்பிக்கை அறிக்கையில் குறைவுபட்ட ஒருவர் அன்புச் செயலில் நம்மை வெட்கப்படுத்துகிறார்.

ஆனால் வெற்றிடம் வெற்றிடமே. நாவலின் இறுதிப் பகுதியில் கிரில்ட்சோவ் என்னும் இளைஞன் காசநோயால் இறக்கிறான். அவனுடைய உடலின் முன் நெஹ்லூதவ் நிற்கிறான். இவன் ஏன் துன்புற்றான்? எதற்காக வாழ்ந்தான்? இப்போது அதன் பொருளை அறிந்துகொண்டானா? கேள்விகள் எழுகின்றன, விடை இல்லை. சற்று நேரத்தில் அவன் நற்செய்தியைத் திறந்து தன் வாழ்வுக்கு வழி தேடிக்கொள்கிறான். இறந்தவன் இறந்தவனாகவே கிடக்கிறான். உயிர்ப்பு என்பது உயிரோடு இருப்பவர்கள் திருந்துவது மட்டுமே என்றால், நசுங்கி மடிந்தவர்களுக்கு அதில் பங்கில்லை. அவர்கள் பிறருடைய மனமாற்றத்துக்குப் பயன்பட்ட கருவிகளாகவே நின்றுவிடுகிறார்கள். காத்யூஷாவின் சினம் இங்கே மீண்டும் ஒலிக்கிறது.

கொலையுண்டவளின் வேதநூல்

தாஸ்தாயெவ்ஸ்கிக்குச் சைபீரியா கேள்விப்பட்ட ஊர் அன்று. 1849-இல் கைதாகி, துப்பாக்கிகளின் முன் நிறுத்தப்பட்டு, கடைசி நொடியில் உயிர் தப்பியவர் அவர். பின்னர் ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் கால் விலங்கோடு கிடந்தார். செல்லும் வழியில், 1850-இல், தொபோல்ஸ்க் நகரில் அரசியல் கைதிகளின் மனைவியர் அவருக்கு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்தனர். இறக்கும்வரை அதை அவர் தம்மோடு வைத்திருந்தார்.

‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் நாயகன் ரஸ்கோல்னிகோவ், வட்டிக்குப் பணம் கொடுக்கும் கிழவியைக் கோடரியால் வெட்டிக் கொல்கிறான். எதிர்பாராது வந்துவிட்ட அவளுடைய சாதுவான தங்கை லிசவேத்தாவையும் கொல்கிறான். வழக்கை விசாரிக்கும் அதிகாரி உரையாடலின் நடுவே, இலாசர் உயிர்பெற்றதை நம்புகிறாயா என்று அவனைக் கேட்கிறார். நம்புகிறேன் என்கிறான். சொல்லளவில் அவனிடம் விசுவாசம் இருக்கிறது. அது அவனுக்குள் எதையும் அசைக்கவில்லை.

பின்னர் அவன் சோனியாவின் அறைக்குச் செல்கிறான். பசித்திருக்கும் குடும்பத்துக்காகத் தெருவில் நிற்க நேர்ந்த பெண் அவள். அவன் வற்புறுத்த, யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தை அவள் படிக்கிறாள். குரல் நடுங்குகிறது. இலாசர் கல்லறையில் கிடந்த நான்கு நாள்களைப் பற்றிய சொற்களில் அவள் குரல் அழுத்தம் பெறுகிறது. எரிந்து முடியும் மெழுகுதிரியின் மங்கிய ஒளியில், கொலைகாரனும் விலைமகளும் நிலைவாழ்வின் நூலின்மேல் குனிந்திருக்கிறார்கள். இந்த அதிகாரம் இதழாசிரியருக்கு உடன்பாடாக இல்லை. தாஸ்தாயெவ்ஸ்கி அதைத் திருத்தி எழுதவேண்டியதாயிற்று. நற்செய்தி இத்தகையோர் வாயிலிருந்து வருவதை மதிப்புமிக்க உலகம் எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை. உயிர்ப்பின் செய்தியை முதலில் சுமந்து சென்ற மகதலா மரியாவையும் சீடர்கள் உடனே நம்பவில்லை அன்றோ?

இங்கே ஒரு செய்தியைப் பலரும் போகிறபோக்கில் விட்டுவிடுகின்றனர். அந்தப் புதிய ஏற்பாட்டைச் சோனியாவுக்குக் கொடுத்தவள் லிசவேத்தா. கொலைகாரன் தான் கொன்ற பெண்ணின் நூலிலிருந்து வாழ்வின் செய்தியைக் கேட்கிறான். சோனியா தன் கழுத்தில் அணிந்துகொள்ள வைத்திருக்கும் செப்புச் சிலுவையும் லிசவேத்தாவினுடையதே. இறந்தவளை இந்த நாவல் மறக்க விடுவதில்லை. ரஸ்கோல்னிகோவ் எவ்வளவு திருந்தினாலும் லிசவேத்தாவுக்கு உயிர் திரும்பிவிடுமா? திரும்பாது. அவளுக்கு நீதி கிடைக்கவேண்டுமானால், கல்லறையிலிருந்து இலாசரை அழைத்த குரல் அவளையும் அழைக்கவேண்டும். உடலின் உயிர்ப்பில் நம்பிக்கை வைப்பது எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நாவலும் எனக்குச் சொன்னதில்லை.

நாற்சந்தியில் சாட்சியம்

சோனியா அவனுக்கு ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பிவிடவில்லை. நாற்சந்தியில் போய் நில், நீ மாசுபடுத்திய மண்ணை முத்தமிடு, நான் கொலை செய்தேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல் என்கிறாள். அவன் போகிறான், மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகிறான். சுற்றி நின்றோர் குடிகாரன் என்று நகைக்கிறார்கள். சொல்லவேண்டிய சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பிறகு காவல் நிலையத்துக்குப் போகிறான். அங்கும் ஒருமுறை வாய் திறவாமல் திரும்பி வருகிறான். வெளியே சோனியா நிற்பதைக் கண்டபின்தான் மீண்டும் படியேறி உண்மையைச் சொல்கிறான். சான்று பகர்தல் என்பது எவ்வளவு கடினமானது என்பதை இப்பக்கங்கள் காட்டுகின்றன. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு, நம் முறை வரும்முன் மெல்ல நழுவியிருக்கும் எவருக்கும் இந்தத் தயக்கம் புதிதன்று.

சிறைக்குச் சென்றபின்னும் அவன் உடனே மாறிவிடவில்லை. தவக்காலத்தில் மற்றக் கைதிகளோடு கோவிலுக்குச் செல்கிறான். அவர்களோ இவன் கடவுளை நம்பாதவன் என்று சீறி எழுகிறார்கள். தவக்கால இறுதியிலும் உயிர்ப்பு விழா வாரத்திலும் நோயுற்று மருத்துவமனையில் கிடக்கிறான். அதன்பின் ஒருநாள் காலையில் ஆற்றங்கரையில் சோனியாவின் காலடியில் விழுந்து அழுகிறான். தலையணையின் கீழே அந்தப் புதிய ஏற்பாடு இருக்கிறது. கையில் எடுக்கிறான், அப்போதும் அதைத் திறக்கவில்லை.

இந்த இறுதிப் பகுதி நாவலோடு ஒட்டவில்லை, ஆசிரியர் வலிந்து சேர்த்தது என்று குறை கூறிய திறனாய்வாளர் பலர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. நெஹ்லூதவின் மாற்றத்தை டால்ஸ்டாய் ஒவ்வொரு படியாகக் காட்டுகிறார். ரஸ்கோல்னிகோவின் மாற்றமோ சில பத்திகளில் முடிந்துவிடுகிறது. சோனியாவிடம் காத்யூஷாவின் சினமோ தடுமாற்றமோ இல்லை. சில இடங்களில் அவள் சதையும் குருதியும் உள்ள பெண்ணாக இல்லாமல் திருவோவியமாகவே நிற்கிறாள். கலை நோக்கில் இது குறையே. ஆனால் அந்த மூடிய நூலில் ஓர் உண்மை இருக்கிறது. ரஸ்கோல்னிகோவ் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளவில்லை. இலாசரும் தானாக எழவில்லை. வெளியே நின்ற ஒருவர் அழைத்தார். நெஹ்லூதவ் கட்டளைகளைக் கண்டடைகிறான், ரஸ்கோல்னிகோவ் கண்டடையப்படுகிறான்.

தழும்புகளோடு வந்தவர்

இரு நாவல்களையும் மூடிவைத்து நற்செய்தியைத் திறந்தால், இவை விட்டுவைத்த இடம் துலங்குகிறது. பூட்டிய அறைக்குள் வந்து நின்றவர், சீடர்கள் கைவிட்டு ஓடிய அதே இயேசு. தீங்குக்கு ஆளானவரே திரும்பி வந்து நிற்கிறார். கைகளிலும் விலாவிலும் தழும்புகள் மறையவில்லை. அவர் சொன்ன முதல் சொல்லோ அமைதியின் வாழ்த்து. கரிநெருப்பின் அருகே மும்முறை மறுதலித்த பேதுருவை, மற்றொரு கரிநெருப்பின் அருகே மும்முறை அன்பைப் பற்றிக் கேட்கிறார். பழையதை அவர் மூடி மறைக்கவில்லை; அதன் நடுவிலிருந்தே பேதுருவுக்குப் பணியைத் தருகிறார்.

காத்யூஷாவின் சினத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நாம் நம் ஈடேற்றத்துக்காகப் பிறரைப் பயன்படுத்திக்கொள்ளத் தேவையில்லை. மன்னிப்பு நமக்கு உயிருள்ள ஒருவரிடமிருந்து முன்னமே வந்துவிட்டது. எனவே நாம் தீங்கு செய்தவரிடம் நன்றியை எதிர்பாராமல், அவர் சினத்தையும் பொறுத்துக்கொண்டு, அவருக்குரியதை அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியும். கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் நம் விசுவாசம் வீண் என்று புனித பவுல் கொரிந்தியர்க்கு எழுதியது இதனால்தான். நம்முடைய முயற்சி மட்டும் போதுமானால் அவர் அவ்வாறு எழுதியிருக்கமாட்டார்.

பொதுநிலையினர் ஒவ்வொருவரும் உலகின் முன் ஆண்டவருடைய உயிர்ப்புக்குச் சாட்சியாக விளங்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய ஏட்டில் கற்பித்தது. இதைக் குருக்களுக்கும் துறவியருக்கும் ஒதுக்கிவிட நமக்கு உரிமை இல்லை. நம்முடைய நாற்சந்தி எது? பாகப்பிரிவினையில் ஏமாற்றிய தம்பியின் வீட்டு வாசலாக இருக்கலாம். கூலியைக் குறைத்துக் கொடுத்த வேலையாளின் குடிசையாக இருக்கலாம். நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதியின் பெயரால் இறந்தோரையும் பிரித்து வைத்த வழக்கமாகவும் இருக்கலாம். உடலின் உயிர்ப்பை அறிக்கையிடும் நாவு, அந்த உடல்களுக்கு இடையே சுவர் வேண்டும் என்று சொல்லுமானால், டால்ஸ்டாய் கேட்ட விலங்கொலியை நாமும் கேட்காமலே வழிபடுகிறோம் என்பதே பொருள். கடைசி நாளில் ஆண்டவர் அழைக்கும்போது இரு பக்கத்தாரும் ஒரே குரலைக் கேட்டுத்தானே எழவேண்டும்?

டால்ஸ்டாயிடமிருந்து நாம் உழைப்பைக் கற்றுக்கொள்ளலாம். மனமாற்றம் கண்ணீரோடு முடிவதில்லை, அது நிலத்தையும் பணத்தையும் காலத்தையும் கேட்கும். தாஸ்தாயெவ்ஸ்கியிடமிருந்து நம்பிக்கையைக் கற்றுக்கொள்ளலாம்; நான்கு நாள் நாறிய கல்லறையும் ஆண்டவரின் குரலுக்கு அப்பாற்பட்டதன்று. முன்னதன்றி நம் அல்லேலூயா வெற்றோசையாகும். பின்னதன்றி நம் உழைப்பு இறந்தோருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் வாயடைத்து நிற்கும்.

வரும் திருவிழிப்பு இரவிலும் நம் கையில் மெழுகுதிரி இருக்கும். அதை அணைத்துவிட்டு வீடு திரும்பும் வழியில், நாம் பேசாமல் விட்ட அந்த ஒருவரின் வீடும் இருக்கும். அவர் கதவைத் திறப்பாரா, சினந்து மூடுவாரா என்பது நமக்குத் தெரியாது. தட்டுவது நம் கடமை.